தானே இயங்கும் யந்திரத்துக்குப் பிணை யார்?

‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லை நம் மக்கள் நெடுங்காலமாக இரு பொருளில் அறிவர். ஊரை எதிர்த்தவனுக்கு நீரும் நெருப்பும் மறுத்து, துணி வெளுப்பவரையும் முடி திருத்துபவரையும் அவன் வாசலை மிதிக்கவொட்டாமல் தடுத்து, சாதிப் பஞ்சாயத்தார் விதித்து வந்த தண்டனை ஒன்று. தன் நாவையும் கையையும் தானே காத்துக்கொள்ளும் ஒழுக்கம் மற்றொன்று. முன்னது பிறர் நம்மீது சுமத்துவது. பின்னது நாமே நமக்கு விதித்துக்கொள்வது. வள்ளுவர் அடக்கமுடைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தது இப்பின்னதைக் கருதியே யாகும். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு பொருளை இக்காலம் அச்சொல்லுக்குச் சேர்த்திருக்கிறது. மனிதன் அருகில் நில்லாமலே ஒரு யந்திரம் தன் வேகத்தையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே அளந்து, தானே திருத்திக்கொள்ளுமாயின், அதைத் ‘தானியங்கிக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். இதையே தொழிலாகக் கொண்ட எஞ்சினியர்கள் நாடுதோறும் சங்கம் கண்டிருக்கிறார்கள். மலேசியாவிலும் அத்தகைய சங்கம் உண்டு. அச்சங்கம் எதற்கு, யாருக்கு என்பதே நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

“இது படித்தவர்கள் விஷயம், பால் வெட்டுவோருக்கும் பழம் பொறுக்குவோருக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று நேயர்களிற் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். புரட்ட வேண்டாம். கெடாவில் இன்று தானியங்கியின் கை படாத பிழைப்பு யாருக்கும் இல்லை. செம்பனை ஆலையின் கொதிகலத்தில் நீர் வற்றினால் நெருப்பை நிறுத்துவது ஒரு தானியங்கி. பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய உருளையின் கதவு, உள்ளே அழுத்தம் இருக்குமட்டும் திறவாதபடி தடுப்பதும் அவ்வகைக் கருவியே. கூலிமில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவில், லயங்களிற் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக வேலை செய்கிறார்கள். அங்கே சிலிக்கன் தகடுகளைப் பதப்படுத்தும் உலையின் வெப்பத்தை எந்தக் கிராணியும் புத்தகத்தில் குறித்துப் பார்த்துத் திருத்துவதில்லை. உலையே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அது பிசகாத வரையில் ஆதாயம் முதலாளிக்கு. பிசகிய அன்று அடிபடுகிறவர் பக்கத்தில் நிற்பவர். பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வித்தையின் உட்பொருள் நம்மவர்க்குப் புதிதன்று. பால் மரத்தின் முன் கத்தியோடு நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பட்டையை ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் அளவே அவர் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தாலோ உள்ளே மரத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வளர்படலம் காயம் பட்டுவிடும். பிறகு வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அந்த முகத்தில் மறுபடியும் கத்தி வைக்க வழியில்லாமற் போகும். விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், அவர் கை ஒவ்வொரு கணமும் பட்டையின் எதிர்ப்பை உணர்ந்து தன் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்கிறது. ஒன்றைச் செய்தல், செய்ததன் விளைவை உணர்தல், உணர்ந்தவாறு செய்கையைத் திருத்துதல் என்னும் இம்மூன்றும் வளையமாகச் சுற்றி வருவதே கட்டுப்பாட்டு வித்தை முழுவதும். விளைவு திரும்பி வந்து செய்கையைத் திருத்துவதற்குப் ‘பின்னூட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்தில் பொருத்தினால் தானே பால் வெட்டும் கருவிகளை மலேசியாவிலும் சீனத்திலும் ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து வருகின்றனர். அக்கருவி வெற்றி பெறுமாயின், அது பால்வெட்டும் அம்மையாரின் கையைப் பார்த்துப் படித்த பாடமே ஆகும். அதற்காக அவருக்கு யாரும் குருதட்சிணை கொடுக்கப் போவதில்லை. அது தனி வழக்கு, இங்கே விரிக்கவில்லை.

ஜேம்ஸ் வாட் என்பார் 1788-ஆம் ஆண்டில் நீராவி யந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். யந்திரம் வேகங்கொண்டால் குண்டுகள் விலகி உயரும்; உயர்ந்தால் நீராவிக் கதவு சற்று மூடும். வேகம் தளர்ந்தால் குண்டுகள் தாழும். கதவு சற்றுத் திறக்கும். இதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் ‘கவர்னர்’. கவர்னர் என்றதும் இறகுத் தொப்பியும் பீரங்கி மரியாதையும் நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இதுவோ யாரையும் வணங்கச் சொல்லாத கவர்னர். எனினும் இந்தக் கவர்னர்களுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டென்பது பின்னர்த் தெரிந்தது. சில யந்திரங்களில் அவை வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக, திருத்தத் திருத்த மேலும் மேலும் ஆட்டங்கொடுத்து, யந்திரத்தையே நிலைகுலையச் செய்தன. இதன் காரணத்தை 1868-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித வழியாக ஆராய்ந்து எழுதினார். கட்டுப்பாடு இருந்தாற் போதாது, அதுவும் ஓர் அளவில் நிற்க வேண்டும் என்பது அன்றுமுதல் எண்ணால் நிறுவப்பட்ட உண்மையாயிற்று.

இதன் நுட்பத்தைக் காணக் கெடாவை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1966 முதல் 1970 வரையில் கட்டப்பட்டது. பெடு, மூடா என்னும் இரு அணைகளின் நீரால் சுமார் 96,000 ஹெக்டேர் வயல் ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. ஆனால் பெடு அணையில் திறந்த நீர், ஆற்று வழியே சமவெளிக்கு வந்து சேர நாட்கணக்கு ஆகும். இன்று வயல் வறள்கிறதென்று அணையைத் திறந்தால், நீர் வந்து சேரும் நாளில் அங்கே பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். ஆதலால் தொலைவிலுள்ள மழைமானிகளும் ஆற்றுமட்டக் கருவிகளும் அனுப்பும் செய்தியைக் கொண்டு முன்னதாகவே கணக்கிட்டு, சிறிது சிறிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. தாமதித்து வந்த செய்தியைக் கொண்டு கடுமையாகத் திருத்த முற்படுகிறவன் காரியத்தைக் கெடுக்கிறான். நீருக்கு மட்டுமன்று, ஆட்களை ஆள்வதற்கும் இது பொருந்தும் என்பதைப் பெரட்டுக்களத்தில் நின்றவர் அறிவர்.

இனிச் சங்கத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ‘ஐபாக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அனைத்துலகத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டவை பிறந்தது. முதல் தலைவர் அமெரிக்கரான ஹெரால்டு செஸ்ட்நட். அவருக்குப் பின் வந்தவர் சோவியத் நாட்டு அலெக்சாண்டர் லேத்தவ். முதல் மகாநாடு 1960-இல் மாஸ்கோவில் கூடிற்று. இரு வல்லரசுகளும் அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அக்குண்டைச் சுமந்து செல்லும் ராக்கெட்டைக் குறி தவறாமற் செலுத்துவதும் இதே வித்தைதான். அவ்வித்தை அறிந்தவர்கள் ஒரே மேடையில் அமர்ந்து, தமக்குள் மறைக்க வேண்டாதவற்றையேனும் பகிர்ந்துகொண்டது சிறிய காரியமன்று. அக்கூட்டவையில் ஒரு நாட்டின் சார்பில் ஒரு ஸ்தாபனமே அமர்வதாகையால், நாடுதோறும் ஒரு சங்கம் வேண்டியதாயிற்று. மலேசியாவின் சார்பில் அவ்விடத்தைப் பெற்றது மலேசியத் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் சங்கம். ஆசியக் கட்டுப்பாட்டு மாநாடு 2015-இல் சபாவின் கோத்தா கினபாலுவில் நடந்தது. இந்தியாவிலும் இதே பணிக்குரிய சங்கம் உண்டு. 2020 பிப்ரவரியில் சென்னையில் இத்துறை மாநாடு ஒன்று கூடிற்று.

மாநாடு கூட்டுவதும் கட்டுரை படிப்பதும் நல்லனவே. அறிவு பகிரப்படாவிடின் அழுகும். ஆனால் அவ்வளவோடு நிற்கும் சங்கம் ஒன்றை நாம் சங்கமென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள இயலுமா? நம்மவர்க்குச் சங்கம் தெரியாததன்று. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் சங்கப் பலகை தொங்காத கடைத்தெரு ஏது? தலைவர் தேர்தல், மாலை, பொன்னாடை, புகைப்படம், மறுபடியும் தேர்தல் என்ற அளவில் சுழன்றுகொண்டிருக்கும் பல சங்கங்களை நாம் பார்த்துச் சலித்திருக்கிறோம். கற்றவர்களின் சங்கம் மாலைக்குப் பதில் பட்டமும் பதக்கமும் வழங்குவதனால் மட்டும் வேறுபட்டுவிடாது.

தொழிலாளர் சங்கத்துக்கும் தொழில்வல்லார் சங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாக உணர வேண்டும். 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போன்ற ஒன்று, தன் உறுப்பினரை முதலாளியின் கையிலிருந்து காப்பதற்காக எழுந்தது. அது தன் ஆளுக்காக வாதாடுவது அறமே. ஏனெனில் அந்த ஆள் வலியற்றவன். எஞ்சினியர் சங்கத்தின் நிலை அவ்வாறன்று. அதன் உறுப்பினர் கையில் பிறர் உயிர் இருக்கிறது. ஆகையால் அது முதலிற் காக்க வேண்டியது தன் உறுப்பினரை அன்று. தன் உறுப்பினரின் பிழையிலிருந்து பொதுமக்களை. இதை மறந்து தன்னவர் மானத்தைக் காப்பதே கடமையென்று கருதுமானால், அதற்கும் பழைய சாதிப் பஞ்சாயத்துக்கும் பெயரளவில் தவிர வேற்றுமை ஏதுமில்லை.

இந்நாட்டில் எஞ்சினியர்களைப் பதிவு செய்வதற்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 1972-இல் அமைந்த எஞ்சினியர் வாரியமும் உண்டு. பாலமொன்று இடிந்தால் அதன் வரைபடத்தில் கையெழுத்திட்டவர் இன்னார் என்று காட்ட முடியும். தானியங்கியிலோ அந்தக் கையெழுத்து மெல்ல மறைகிறது. அதன் கணித விதியை ஒருவர் ஒரு நாட்டில் எழுதுகிறார். பெட்டி வேறொரு நாட்டில் செய்யப்படுகிறது. ஆலைக்குக் கொண்டுவந்து எண்களைப் பொருத்துகிறவர் மூன்றாமவர். சில மாதங் கழித்து, உற்பத்தி குறைகிறதென்று மேலதிகாரி முணுமுணுக்க, நள்ளிரவில் அவ்வெண்களுள் ஒன்றை மாற்றுகிறவர் நான்காமவர். விபத்து நேர்ந்தபின் நால்வரையும் நிறுத்திக் கேட்டால், ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சரியாகவே செய்ததாகச் சொல்வர். அதில் பொய்யும் இராது. பழி விழ இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கும். கடைசியில் அது வந்து விழுவது யார்மீது தெரியுமா? அன்று ஷிப்டில் இருந்த தொழிலாளிமீது. ‘மனிதத் தவறு’ என்று அறிக்கை முடியும்.

பழங் கங்காணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் புகழைப் பாட நாம் வரவில்லை. கடனும் கமிஷனுமாக நம்மவர் உழைப்பை அவர்களிற் பலர் உறிஞ்சியது சரித்திரம். சாதியைக் கேட்டு லயத்தில் இடம் ஒதுக்கினவர்களும் அவர்களுள் உண்டு. யந்திரம் சாதி கேட்பதில்லை. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கங்காணிக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து வையலாம், அழலாம், எதிர்த்து நிற்கலாம், அவருக்கு மேலே இருக்கும் துரையிடம் போய் முறையிடலாம். சுவரில் பதித்த பெட்டிக்கு முகமில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: அநியாயத்தைச் செய்துவிட்டு, “துரை சொன்னார், செய்தேன், நான் என்ன செய்யட்டும்?” என்று கங்காணி சொன்ன சொல்லை நம் முன்னோர் ஒருநாளும் நியாயமென்று ஒப்பவில்லை. “கம்பெனி கேட்டது, அமைத்துக் கொடுத்தேன்” என்று எஞ்சினியர் சொல்லும்போது மட்டும் அதை நாம் ஏன் ஒப்ப வேண்டும்? படிப்பு கூடியதனால் பொறுப்பு குறைகிறதா?

இது வெறுங் கற்பனைப் பயமென்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2018 அக்டோபர் 29-ஆம் நாள் ஜக்கார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10-ஆம் நாள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் மாண்டனர். இரண்டும் போயிங் 737 மாக்ஸ் என்னும் புதுவகை. விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால் தானே அதைக் கீழ்நோக்கித் தள்ளும் ஒரு கட்டுப்பாடு அதில் இருந்தது. மூக்கின் கோணத்தை அளக்கும் உணர்கருவிகள் விமானத்தில் இரண்டு இருந்தும், அக்கட்டுப்பாடு ஒரு சமயத்தில் ஒன்றின் சொல்லை மட்டும் கேட்டு நடந்தது. அந்த ஒன்று பொய் சொன்னபோது, நேராகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை அது திரும்பத் திரும்பக் கீழே தள்ளிற்று. விமானிகள் திரும்பத் திரும்ப மேலே இழுத்தனர். இப்படியொரு கட்டுப்பாடு இருப்பதையே முதல் விபத்துக்கு முன் விமானிகளுக்கு வழங்கிய கையேட்டில் விளக்கியிருக்கவில்லை. இரு விபத்திலும் சேர்ந்து 346 உயிர். இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறிய தனி மனிதர் ஒரே ஒருவர். அவர் கம்பெனியின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப விமானி. 2022 மார்ச்சில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். அத்தீர்ப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 346 பேர் இறந்த இடத்தில், “இது என் கையால் ஆயிற்று” என்று சொல்லத் தக்கவர் ஒருவருமில்லாமற் போன அமைப்பைத்தான் சுட்டுகிறோம்.

உடனே ஒரு மறுப்பு எழும். “மனிதன் கையால் நடந்த காலத்தில் விபத்து இல்லையா? தூங்கிவிழுந்த கொதிகலக்காரரால், குடித்துவிட்டு வந்த டிரைவரால் செத்தவர் எத்தனை பேர்? தானியங்கி தூங்குமா?” என்பர். மறுப்பு நியாயமானதே. யந்திரத்தை உடைத்துப் போடு என்று சொல்கிறவர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. நீர் வற்றினால் நெருப்பை அணைக்கும் சிறு கருவி காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. காப்பாற்றப்பட்ட உயிரைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வருவதுமில்லை. ஆயினும் கவனியுங்கள். கொதிகலத்தின் அருகில் நிற்பவர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டுமென்று இந்நாட்டுச் சட்டம் நெடுநாளாக விதித்து வந்திருக்கிறது. அவர் கையிலிருந்த வேலையைத் தானியங்கி எடுத்துக்கொண்டதென்றால், அவர் தலைமேலிருந்த பொறுப்பும் எங்கேயாவது போய்த் தங்க வேண்டுமல்லவா? வேலை இடம் மாறிற்று. பொறுப்பு மட்டும் காற்றில் கரைந்துவிட்டது என்றால் அது என்ன கணக்கு?

சங்கமொன்று இதில் என்ன செய்யக்கூடும்? தண்டிக்க அதிகாரமில்லை, போலீசு இல்லை, வரி போட உரிமையில்லை. அதிகாரமற்ற சங்கம் உயிர்களைக் காத்த வரலாறு ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொதிகலம் வெடிப்பது அன்றாடச் செய்தியாயிருந்தது. 1905 மார்ச் 20-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிராக்டன் என்னும் ஊரில், ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் கொதிகலம் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றி 58 பேர் மாண்டனர். மாகாண அரசு சட்டம் செய்தது. ஆனால் மாகாணத்துக்கொரு விதி என்றால் குழப்பந்தானே? 1880-இல் அமைந்திருந்த அமெரிக்க யந்திர எஞ்சினியர் சங்கம் 1911-இல் ஒரு குழுவை நியமித்தது. தகட்டின் கனம் இவ்வளவு, ஆணியின் இடைவெளி இவ்வளவு, அழுத்தம் தாண்டினால் ஆவியை வெளிவிடும் கதவு இப்படி என்று அக்குழு வகுத்த விதிநூல் 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்தது. கொதிகலம் செய்யும் கம்பெனிகளிற் பல இதை எதிர்த்தன. சங்கம் விடவில்லை. சங்கத்தின் விதி, மாகாணங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ள, நாட்டின் சட்டமாயிற்று. இன்று உலகின் பல நாட்டு ஆலைகளில் அவ்விதிநூலின்படி செய்த கொதிகலங்கள் கொதிக்கின்றன. தம் வாடிக்கைக்காரரான முதலாளிகள் முகஞ்சுளிப்பார்கள் என்று அச்சங்கத்தார் அன்று வாளாவிருந்திருந்தால், எத்தனை பிராக்டன்கள் நேர்ந்திருக்கும்!

கானடா தேசத்தில் வேறொரு வழக்கம். 1907-இல் குவிபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர் மாண்டனர். அதைப் போன்றவை நினைவில் நிற்க, 1925 முதல் அந்நாட்டு எஞ்சினியர்கள் படிப்பை முடிக்கையில் ஓர் உறுதிமொழி எடுத்து, எழுதும் கையின் சிறுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். இடிந்த பாலத்தின் இரும்பால் செய்த மோதிரம் என்று ஒரு கதை உலவுகிறது, அது கதைதான். படம் வரையும்போதெல்லாம் மேசையில் உரசி நினைவூட்டட்டும் என்பதே உட்கருத்து. சடங்குகளில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. தாலி கட்டினவரெல்லாம் மனைவியைக் காத்துவிட்டார்களா என்ன? ஆனாலும் இச்சடங்கில் வணங்கப்படுவது தெய்வமன்று, அந்தஸ்துமன்று. ஒரு பிழையை மறவாதிருக்க முயல்கிறார்கள். நம் நாட்டுச் சங்கங்கள் தம் மாநாட்டு மேடையில் வெற்றிகளைப் படிப்பது போலத் தோல்விகளையும் படிக்கின்றனவா என்று கேட்கத் தோன்றுகிறது. ஓர் ஆலையில் கட்டுப்பாடு பிசகி, நல்லவேளையாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையென்றால், அச்செய்தி பெரும்பாலும் அந்த ஆலைச் சுவருக்குள்ளேயே புதைக்கப்படுகிறது. அடுத்த ஆலையில் அதே பிசகுக்கு ஓர் உயிர் விலையாகிறது.

இவ்விடத்தில் அவர்கள் வித்தையையே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னூட்டமில்லாத கட்டுப்பாடு குருட்டுக் கட்டுப்பாடு என்று மாணவர்க்கு முதல் வகுப்பிற் கற்பிக்கிறார்கள். ஒரு சங்கம் தன் உறுப்பினர் சொல்லையும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் சொல்லையும் மட்டும் கேட்டு நடக்குமானால், அது எந்த வகைக் கட்டுப்பாடு? 737 மாக்ஸைப் போல ஒரே உணர்கருவியை நம்பிய கட்டுப்பாடு. விளைவு யார் தலையில் இறங்குகிறதோ அவரிடமிருந்து செய்தி திரும்பி வரவேண்டும். அவ்வழி அடைபட்டிருக்கிறது.

கெடாவில் இவ்வடைப்பு இருமுறை வெளிப்பட்டதைக் காட்டலாம். மூடா சமவெளியில் 1970-க்குப் பின் இரு போகம் விளைந்தபோது ஏழைகளுக்கும் அறுவடைக் கூலி பெருகிற்று. பிறகு பெரிய அறுவடை யந்திரங்கள் வந்தன. 1980 வாக்கில் அப்பிரதேசத்து விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அவை அறுத்தன. ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு சிற்றூரில் 1978 முதல் 1980 வரை தங்கி நேரில் கண்டு, 1985-இல் நூலாக வெளியிட்டிருக்கிறார். கூலியை இழந்த ஏழை மலாய்ப் பெண்கள், யந்திரத்தை அழைத்தவர் வயலில் நாற்று நட மறுத்துப் பார்த்தார்கள். வெளியாட்கள் நடுவதற்கு வந்துவிடுவார்களென்ற அச்சத்தில் அது தளர்ந்தது. யந்திரம் செய்தவருக்கும், வாங்கியவருக்கும், திட்டம் வகுத்தவருக்கும் நெல் மூட்டைக் கணக்கு திரும்பி வந்தது. அந்தப் பெண்களின் அடுப்புக் கணக்கு ஒருவருக்கும் திரும்பவில்லை. அளப்பதற்குக் கருவி வைக்காத ஒன்று, கணக்கில் இல்லாத ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

மற்றொன்று அதற்கும் முந்தியது, நம்மவரைப் பற்றியது. 1947-இல் கெடாத் தோட்டங்களில் ஏ. எம். சாமி முதலானோர் தலைமையில் தொண்டர் படை என்ற இயக்கம் நடந்து வந்தது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்த கூலியை அங்கேயே திரும்பக் கறக்கும் முறையை எதிர்த்து, குடியைவிட்டுத் தம்மைத் தாமே அடக்கி ஆண்டுகொள்ள அத்தொழிலாளர் முற்பட்டனர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்திற் சொன்ன இரண்டாவது பொருளிலே கட்டுப்பாடு என்பது அதுதான். அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங் பக்கத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் சிறைப்பட்டனர். தோட்ட வாழ்க்கையில் அழுத்தம் எல்லை கடந்துவிட்டதென்று கீழிருந்து வந்த செய்தி அது. ஆட்சியாளரோ அச்செய்தியைக் கலகமென்று கொண்டு, அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அழுத்தமானியை உடைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் நாடு எவ்வளவு கொந்தளித்தது என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர். எல்லாவற்றுக்கும் இதுவே காரணமென்று நாம் சொல்ல மாட்டோம். காதை மூடிக்கொண்டு ஆண்டவர்க்கு அது வியப்பாக வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே எஞ்சினியர் சங்கத்திடம் நாம் கேட்கக்கூடியது பெரிய தியாகமொன்றுமன்று. தம் உறுப்பினர் அமைக்கும் தானியங்கிக்குப் பெயர் சொல்லிப் பிணை நிற்கும் ஒருவர் இருக்கட்டும். பிசகுகளை, ஆளுக்குச் சேதமில்லாத பிசகுகளையும், ஆண்டுதோறும் வெளியிடட்டும். கம்பெனிப் பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும். யந்திரத்தோடு வேலை செய்கிற தொழிலாளியும், யந்திரத்தால் வேலை இழந்த தொழிலாளியும் சொல்வதைக் கேட்கச் சங்கத்தில் ஒரு மூலையேனும் இருக்கட்டும். “நான் சம்பளக்காரன், என் வாய் கட்டப்பட்டிருக்கிறது” என்று தனி எஞ்சினியர் சொல்வது உண்மையாயிருக்கலாம். தனியாள் பேச முடியாததைப் பேசுவதற்கன்றி வேறெதற்குச் சங்கம்?

நம் பக்கத்திலும் வேலையுண்டு. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்க்கும் நம் பையன்களும் பெண்களும் இன்று பலர். அவர்களுள் எத்தனை பேர் இத்தகைய சங்கத்தின் வாசலை எட்டிப் பார்த்திருப்பார்கள்? கோயில் கமிட்டியில் பொருளாளராவதற்கு நடக்கும் போட்டியில் பத்திலொரு பங்கு அங்கே காட்டினாற் போதும். கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே ஏராளம். லயத்தில் வளர்ந்து, ஆலைச் சத்தத்தில் உறங்கி, யந்திரத்தில் விரலிழந்த தகப்பனைப் பார்த்தவர்கள் அங்கே குறைவு. அந்த அறிவும் ஓர் உணர்கருவியே.

எளிய காரியமொன்றோடு தொடங்கலாம். செம்பனை ஆலைக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள்: கொதிகலத்துக்கு அரசாங்கம் கொடுத்த தகுதிச் சான்று, காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு, சுவரில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அப்பெட்டியின் கதவிலும் ஒரு தாள் ஒட்டப்படட்டும். இதன் எண்களை அமைத்தவர் இன்னார், கடைசியாக மாற்றியவர் இன்னார், மாற்றிய நாள் இது, இது பிசகினால் கையால் நிறுத்தும் வழி இது என்று மலாயிலும் தமிழிலும், இப்போது அங்கே வேலை செய்ய வந்திருக்கும் வங்காளத் தொழிலாளரின் மொழியிலும் எழுதட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். இரவு ஷிப்டில் வெளிச்சம் குறைவு.